லயத்து வீட்டுக்குப் பெட்டி வராது

பெரியவர்கள் லெகோ கட்டைகளில் மாதிரி கட்டுவது இன்று யாரும் ஒளித்துச் செய்யும் காரியம் இல்லை. டென்மார்க்கில் பில்லுண்ட் ஊரைச் சேர்ந்த அந்த நிறுவனமே 2020 முதல் பெட்டிகளில் 18+ என்று அச்சிட்டு விற்கிறது. ஆனால் பெட்டியில் வருவது ஈபிள் கோபுரம், தாஜ் மகால், பந்தயக் கார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஆயர் தாவாரைச் சுற்றி நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் சீவி வாழ்ந்த தோட்டத்து லயம், அதாவது வரிசை வீடு, எந்தப் பெட்டியிலும் வராது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் பல இடங்களில் இடிக்கப்பட்டுவிட்டன. ஆகவே இங்கிருந்து இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெட்டி சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டு, உதிரிக் கட்டைகளை வாங்கித் தோட்டத்தைக் கட்டுங்கள். ஊர்ப்பாசம் ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், கட்டையின் அளவும் லயத்தின் அமைப்பும் ஒன்றோடொன்று பொருந்திப்போவது.

கட்டையின் மேல் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். உண்மை அளவில் 38இல் ஒரு பங்காகக் கட்டினால் ஒரு குமிழ் ஓர் அடிக்குச் சமம். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர் என்பதால் ஐந்தை அடுக்கினால் ஆறு அடி. லெகோ மனித பொம்மை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி ஆள். தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்கள் வீட்டை அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். அறை பத்துக்குப் பன்னிரண்டு, முன்னால் அஞ்சடி என்று ஒருவர் சொன்னால், குமிழை எண்ணி அப்படியே தரை போட்டுவிடலாம். பழைய படம் மட்டும் கிடைத்தால் கதவை அளவுகோலாகக் கொள்ளுங்கள். கதவு ஆறடி என்று வைத்தால் கூரை, சன்னல் எல்லாம் தாமே வந்து விழும். ஆனால் பத்துக் கதவு லயத்தை முழுதாகக் கட்ட ஆசைப்படாதீர்கள். அறைக்குப் பத்துக் குமிழ் என்றாலும் நீளம் 80 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு கதவு போதும். ஓரச் சுவரை வைக்காமல் திறந்து விட்டால், வரிசை அதற்கப்பாலும் போகிறது என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

கட்டை நேர்கோட்டுக்குத்தான் சரிப்படும், அதில் உயிர் இராது என்று சிலர் சொல்வார்கள். கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1917இல் எழுந்த ஈப்போ ரயில் நிலையத்தைக் கட்டப்போனால் அது உண்மைதான். அந்தக் குவிமாடங்களுக்கு வளைவுத் துண்டுகள் குவியலாக வேண்டும். தோட்டமோ முதலிலிருந்தே கோல் வைத்துக் கோடு போட்ட இடம். சம இடைவெளியில் நிரை நிரையாக மரம், ஒரே அளவில் கதவு, விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களம். துரைமார் வகுத்த அந்தக் கட்டத்தைக் கட்டையின் கட்டம் மிகையின்றிக் காட்டுகிறது. கட்டத்தை மீறியவை நம்மவர்கள் தம் கையால் சேர்த்தவை: பின்பக்கம் இழுத்துக் கட்டிய அடுப்படி, கோழிக்கூடு, முருங்கை, மாரியம்மன் கோயில். சரிவுத் துண்டு, கீல், அரைக் குமிழ் தள்ளிவைக்க உதவும் தட்டை எல்லாம் இங்கேதான் வேண்டியிருக்கும். உதிரிக்கான பணத்தில் பெரும்பங்கை இவற்றுக்கே ஒதுக்குங்கள். பத்து காஜா அருகே கெல்லி மாளிகைக்குப் பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலின் கூரையில் தெய்வ உருவங்களோடு வெள்ளை உடையில் துரையும் நிற்கிறார். மாளிகையைக் கட்டத் தொடங்கிய அந்தத் துரை, வில்லியம் கெல்லி ஸ்மித், 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் அது அரைகுறையாக நின்றுவிட்டது. அந்தக் கோயிலைக் கட்டுகிறவர் கோபுர அடுக்கில் கணக்குத் தவறினாலும் பரவாயில்லை, துரையின் உருவத்தை விட்டுவிடக் கூடாது.

பிற நிறுவனங்களின் கட்டையைக் கலக்கலாமா என்பதில் சேகரிப்பாளர்களுக்குள் சண்டையே உண்டு. குமிழும் உள்குழாயும் கவ்விக்கொள்ளும் அமைப்புக்கு லெகோ காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28இல். அந்தக் காலம் முடிந்து வெகுநாளாகிறது. 2005இல் கனடா உச்ச நீதிமன்றமும் 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்று தீர்த்தன. எனவே பொருந்தும் கட்டையைப் பயன்படுத்துவது திருட்டு இல்லை. விற்பனையில் உள்ள ஒரு பெட்டியின் வடிவமைப்பை அப்படியே நகலெடுத்து விற்பதுதான் தவறு. கண்ணுக்குப் படாத அடித்தளத்துக்கு மலிவான கட்டை, பளு தாங்கும் இடத்துக்கும் கீலுக்கும் நல்ல கட்டை என்பது என் முறை. பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் விலை ஏறும் என்ற வாதமும் எனக்கு ஒப்பவில்லை. 2008இல் வந்த தாஜ் மகால், 5,900க்கும் மேற்பட்ட துண்டுகள் கொண்டது, விற்பனை நின்றபின் மிகப் பெரிய விலைக்குப் போனது. 2017இல் நிறுவனமே அதை மறுபடி வெளியிட்டதும் பழைய பெட்டியின் விலை இறங்கியது. அந்தப் பணத்துக்கு பிரிக்லிங்க் போன்ற உதிரிச் சந்தையில் வேண்டிய நிறத்தை வேண்டிய எண்ணிக்கையில் வாங்கலாம். அதற்கு முன் பிரிக்லிங்கின் இலவசமான ஸ்டுடியோ மென்பொருளில் கணினியிலேயே கட்டிப் பார்த்தால் வீண் செலவு குறையும்.

ஒரு புகைப்படம் போதாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. படம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். மாதிரி கட்டுகிறவரோ நான்கு பக்கமும் தெரியாமல் ஒரு வரிசைகூட ஏற்ற முடியாது. தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது, பின்கதவு எந்தப் பக்கம் திறந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை லயத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டே ஆக வேண்டும். 1938இல் கட்டப்பட்ட, ஈயம் தோண்டும் 4,500 டன் கப்பல் தஞ்சோங் துவாலாங்கில் பார்வைக்கு நிற்கிறது. இரும்பில் அத்தனை பெரியதாக இருந்ததால் காப்பாற்ற ஆள் கிடைத்தது. பலகையும் தகரமுமான லயத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை, அதை அறிந்தவர்களுக்கோ வயதாகிறது. முதலில் அவர்களிடம் போங்கள், கடைக்குப் பிறகு போகலாம். அவர்கள் சொன்ன அளவுகளைத் தோட்டத்தின் பெயரோடு தாளில் எழுதி அடித்தட்டின் கீழ் ஒட்டிவையுங்கள். இருவர் சொல்வது ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதுங்கள், ஒரு கதவை ஒருவர் சொன்னபடியும் மற்றதை அடுத்தவர் சொன்னபடியும் கட்டுங்கள். பிறகு இருவரையும் அதன் முன் உட்காரவைத்தால், எது சரி என்று அவர்களே பேசித் தீர்ப்பார்கள். கட்டையைப் பிடுங்கி மாற்றுவது சில நிமிட வேலை.