கிறிஸ்தவ வாழ்வில் அருளாசி

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், குமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்தவை பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, மாநில எல்லை இவ்வூர்களின் அருகே வந்து நின்றது. ஆயினும் தமிழும் மலையாளமும் இங்கே இன்றும் கலந்தே வழங்குகின்றன. இறைவனின் ஆசியைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘ஆசீர்வாதம்’ என்கிறார்கள். மலையாளக் கிறிஸ்தவர்கள் ‘அனுக்கிரகம்’ என்கிறார்கள்.

இவ்விரு சொற்களும் சிந்திக்கத்தக்கவை. ஆசீர்வாதம் என்பது நல்வாக்கு. அனுக்கிரகம் என்ற சொல்லிலோ ‘பற்றிக்கொள்ளுதல்’ என்னும் வேர்ப்பொருள் உள்ளது. இறைவன் மனிதனை வாழ்த்துகிறான். வாழ்த்திய கையாலேயே பற்றிக்கொள்கிறான். இவ்விரண்டும் சேர்ந்ததே அருளாசி.

புது வீட்டை மந்திரிக்கக் குருவானவரை அழைக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் மகனுக்காகச் ஜெபிக்கிறார்கள். நோயுற்ற குழந்தையின் தலைமேல் கைவைத்து வேண்டுகிறார்கள். இவ்வேண்டுதல்களில் தவறில்லை. துன்பத்தில் அழைப்பவனையும் பொருள் நாடி வருபவனையும் கீதை பக்தர்களின் வரிசையிலேயே வைக்கிறது. ஆனால் கேட்டது கிடைக்காதபோது ஒரு கேள்வி எழுகிறது: வேலை கிடைக்கவில்லை, நோய் தீரவில்லை, அப்படியானால் இறைவனின் ஆசி இல்லை என்று பொருளா?

யோபு கண்டது

இக்கேள்விக்கு விவிலியம் யோபுவின் வரலாற்றின் வழியே விடை தருகிறது. செல்வம், மக்கள், உடல்நலம் அனைத்தையும் இழந்தவர் அவர். இறுதியில் இழந்த செல்வத்தைப்போல் இருமடங்கு பெற்றார் என்பதையே பலர் நினைவில் கொள்கின்றனர். நிகழ்ச்சிகளின் வரிசையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். செல்வம் திரும்பி வருவதற்கு முன்பே, சாம்பலில் அமர்ந்திருந்த நிலையிலேயே, அதுவரை கேள்விப்பட்டு மட்டுமே இருந்த இறைவனைத் தாம் நேரில் கண்டதாக யோபு கூறுகிறார். அதன்பின் தம்மைப் பழித்த நண்பர்களுக்காக வேண்டுகிறார். ஆசி அங்கேயே நிறைவடைந்துவிட்டது. பின்னர் வந்த செல்வம் அதன் நிழல் மட்டுமே.

எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகமும் இதையே உணர்த்துகிறது. இறைவன் ஆவிக்குரிய எல்லா ஆசிகளையும் அளித்துள்ளார் என்று போற்றித் தொடங்கும் அத்திருமுகத்தில், பவுல் தம்மைக் கைதி என்றே குறிப்பிடுகிறார். விலங்கு பூண்டவரின் வாயிலிருந்து வந்த நன்றி அது.

தேவசகாயம் பிள்ளை

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டிய ஒருவர் இதே திருவிதாங்கூர் மண்ணில் தோன்றினார். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மரின் அரசில் பணியாற்றியவர். கால்நடைகள் மடிந்து, பயிர்கள் அழிந்து அவர் மனம் சோர்ந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவரான டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், அவருக்கு யோபுவின் கதையைக் கூறினார் என்பது மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். ‘கடவுளின் உதவி’ என்னும் பொருளுடைய லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று.

பெயரில் கடவுளின் உதவி இருந்தது; வாழ்விலோ இழப்புகள் பெருகின. சாதி வேறுபாடின்றி அனைவரும் சமம் என்று வற்புறுத்திய அவர் 1749-இல் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். யோபுவுக்குக் கிடைத்த இருமடங்குச் செல்வம் அவருக்குக் கிடைக்கவில்லை. செல்வமே ஆசி என்றால் அவர் ஆசி பெறாதவர். ஆனால் திருச்சபை 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தது.

இரு அடையாளங்கள்

அருளாசியை அறிய இரு அடையாளங்கள் போதும். இழப்பு வந்தபின்னும் அது நிலைத்திருக்கும் என்பது ஒன்று. பெற்றவரிடம் அது தேங்கி நிற்பதில்லை என்பது மற்றொன்று. ஆபிரகாமை ஆசீர்வதித்த இறைவன், அவர் வழியே பிறரும் ஆசி பெறுவர் என்றே கூறினார்.

ஆகவே ஆசி வேண்டுபவர் தம் விண்ணப்பத்தோடு மேலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: ‘கேட்டதைத் தந்தாலும் தராவிட்டாலும், பற்றிய கையை விட்டுவிடாதே, என் வழியே பிறருக்கும் நன்மை செய்.’ இந்த வேண்டுதலோடு வாழ்பவர், வெறுங்கையோடு இருக்கும் நாளிலும் ஆசி பெற்றவரே.