தொலைக்காட்சிப் பதிவில் ஒலிவாங்கி: தேர்வும் பயன்பாடும்

கோலார் தங்கவயலில் கருவி வைத்து ஒலி கேட்பது புதிய தொழிலன்று. ஆழ்சுரங்கங்களில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தபோதெல்லாம் மேலே குடியிருப்புகளிலும் அதிர்ச்சி உணரப்பட்டது. அவ்வெடிப்புகள் எவ்விடத்தில் தோன்றின என்று கண்டறிவதற்காக நில அதிர்வுணரிகள் நிறுவப்பட்டன. 1988-இல் இங்கு அமைக்கப்பெற்ற தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டது. காந்தப் புலத்தினுள் கம்பிச் சுருள் அசையுமாயின் அதில் மின்னழுத்தம் தோன்றும் என்னும் தத்துவத்தைக் கொண்டு அவ்வுணரிகள் இயங்குகின்றன. மேடைப் பேச்சாளர் கையிற் பிடிக்கும் இயங்குசுருள் ஒலிவாங்கியும், அதாவது மக்கள் மைக் என்று வழங்கும் சாதனமும், இதே தத்துவத்தில் அமைந்ததே.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் முற்காலத்தில் உழைத்தவர்கள் இன்று முதுமையடைந்துள்ளனர். தொழிலாளருள் மிகப் பலர் தமிழ் பேசுவோராதலின், சுரங்கத் தொழிலுக்குரிய பல சொற்கள் அவர்கள் பேச்சில் மட்டுமே தங்கியிருக்கின்றன. கல்வி நிகழ்ச்சிக்காகவோ ஆவணத்துக்காகவோ ராபர்ட்சன்பேட்டைக்குச் செல்லும் களப்பணியாளரும் ஆசிரியரும் இம்முதியோரின் பேச்சையே முதற் பொருளாகக் கொள்ளவேண்டும். மூடிக் கிடக்கும் சுரங்க முகப்பை மறுவாரம் வந்தும் படம் பிடிக்கலாம். எண்பது வயதினர் ஒருவரின் குரலுக்கு அவ்வாறு தவணை சொல்ல இயலாது.

இக்குரல்கள் பெரும்பாலும் தாழ்ந்தவை. 1947-இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, பரிசோதிக்கப்பட்ட கோலார் சுரங்கத் தொழிலாளரில் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர் சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு ஆளாகியிருந்ததாகத் தெரிவித்தது. மூச்சு போதாதவர் உரத்துப் பேசமாட்டார். துளையிடும் இயந்திரத்தின் இரைச்சலோடு பல்லாண்டு வாழ்ந்தவருக்குக் காதும் மந்தமாக இருக்கக்கூடும்.

ஆதலால் ஒலிவாங்கியின் விலையைக் காட்டிலும் அது வைக்கப்படும் தூரமே முக்கியமானது. திறந்தவெளியில் தூரம் இருமடங்காகுந்தோறும் ஒலியழுத்தம் பாதியாகிறது. இது 6 டெசிபெல் குறைவாகும். வாயிலிருந்து ஓரடியில் இருக்கவேண்டிய ஒலிவாங்கி எட்டடி தள்ளி, காமிராவின் மேலேயே இருக்குமாயின், பேச்சு 18 டெசிபெல் குறைந்துவிடும். தெருவின் ஆட்டோ ஓசையும் மின்விசிறியின் இரைச்சலுமோ சிறிதும் குறைவதில்லை. பின்னர்க் கணிப்பொறியில் ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே உயரும். காமிராவுடன் இணைந்துவரும் ஒலிவாங்கியை நம்பிப் பேட்டி எடுப்பது, பெரும்பாலும், பேட்டி எடுக்காமைக்குச் சமமே.

இயங்குசுருள் ஒலிவாங்கி உறுதியானது, மின்கலம் வேண்டாதது, சந்தைக் கூட்டத்தின் நடுவே நின்று பேசுவோருக்கு ஏற்றது. ஆயினும் அதன் உணர்திறன் குறைவாதலின் வாயருகே பிடிக்கவேண்டும். பழக்கமில்லாத முதியவர் அதைக் கண்டு பேச்சை மறப்பதுண்டு. மின்தேக்கி வகை மெல்லிய ஒலியையும் வாங்கும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். பெரிய வகைகளுக்குப் பதிவுக் கருவியே 48 வோல்ட் அளிக்கும். இவ்வகையில் நிலைத்த மின்னூட்டம் கொண்ட படலத்தை 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கினர். இன்று காலர் மைக் எனப்படும் சிறு கருவிகளிற் பெரும்பாலானவை இதன் வழிவந்தவை. முதியோர் பேட்டிக்கு இதுவே தக்கது.

காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே மார்பின் நடுவில் பொருத்துக. துண்டோ சேலைத் தலைப்போ உரசினால் சொல் மறைந்துவிடும். ஆகவே துணியை ஊசியிட்டு நிறுத்துதல் நன்று. மூச்சிரைப்பு மிகுந்தவருக்கு மூச்சுக்காற்று நேரே படாதவாறு சற்றே பக்கவாட்டில் வைக்கலாம். இரைப்பைப் பதிவிலிருந்து நீக்க முயலுதல் கூடாது. சுரங்கம் அவருக்கு என்ன செய்தது என்பதற்கு அதுவும் சான்று. கேள்வி கேட்பவர் காது மந்தமானவருக்காக உரக்கப் பேசவேண்டியிருக்குமாதலால், அவருக்கு வேறொரு ஒலிவாங்கி வைத்து, வேறொரு தடத்தில் தாழ்ந்த அளவிற் பதிவு செய்யவேண்டும்.

தொழிலாளர் லைன்களில் உள்ள சிறு வீடுகளின் தகரக் கூரையும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பியடிக்கும். நீண்ட குழல் போன்ற கன் மைக் இவ்விடத்தில் ஏமாற்றும். எதிரொலி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் அதன் திசைத் தேர்வு பயன்படாது. கனத்த போர்வையொன்றைப் பேசுபவருக்கு எதிரே, படத்தில் விழாதபடி தொங்கவிடுவது பயன் தரும். சிறு மழைத்தூறல் தகரத்தில் விழுந்தாலும் பதிவை நிறுத்துவதே அறிவுடைமை.

கன் மைக்கின் இடம் வெளியே உள்ளது. சயனைடு மேடுகள் எனப்படும் ஆலைக்கழிவுக் குன்றுகளின் அருகே பேசுவோரைப் பதிவு செய்ய அது உதவும். அங்கே காற்றைத் தடுக்க நுரையுறையின் மேல் மயிருறையும் வேண்டும். அக்குன்றுகளின் மண் மாவுபோல் நுண்ணியது. மின்தேக்கிப் படலத்தில் அது படிந்தால் கருவி கெடும். எனவே உறையைக் கழற்றுவதும் பெட்டியைத் திறப்பதும் வீட்டினுள்ளே நடைபெறட்டும். சோதிப்பதற்காக ஒலிவாங்கியில் ஊதும் வழக்கத்தை அறவே விடவேண்டும். ஊதினால் தூசியும் ஈரமும் உள்ளே போகும்; பேசிச் சோதித்தால் போதும்.

அளவுமானியில் உச்சம் கழித்தல் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். அளவுமானி உரசலையும் இரைச்சலையும் பிரித்துச் சொல்லாது. ஒருவர் காதுக்கருவி அணிந்து முழுநேரமும் கேட்கவேண்டும். கம்பியில்லாக் கருவியாயின் மின்கலத்தைப் புதிதாக மாற்றிக்கொண்டே தொடங்குக. பேட்டி முடிந்ததும் எவரும் பேசாமல், அறையின் ஓசையை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொகுப்பின்போது வெட்டிய இடங்களை நிரப்ப அது தேவைப்படும். பின்னர் பேசியவரின் பெயரையும், அவர் பணிபுரிந்த சுரங்கத்தையும், நாளையும் அதே ஒலிவாங்கியிற் சொல்லிப் பதிந்து, மூலக் கோப்பின் படிகள் இரண்டை வெவ்வேறிடங்களில் வைத்தல் வேண்டும்.