பொரித்த மீனும் எலுமிச்சைத் துண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

கடற்கரைக்குக் காற்று வாங்கச் சென்று, திரும்பும் வழியில் பொரித்த மீன் வாங்கித் தின்னாதவர் நம் மாவட்டத்தில் குறைவு. தட்டு நிறைய மசாலா தடவிய துண்டுகள், பக்கத்தில் காய்ந்த எண்ணெய்ச் சட்டி, வாழையிலைத் துண்டில் மீனும் நறுக்கிய வெங்காயமும் ஓர் எலுமிச்சைத் துண்டும். இங்கிலாந்து மக்களுக்கும் இப்படி ஓர் உணவு உண்டு. பொரித்த மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் சேர்த்து விற்கும் கடைகள் அங்கே 1860-களில் தோன்றின. எலுமிச்சைக்குப் பதிலாக அவர்கள் வினிகர் தெளித்துக்கொள்கிறார்கள். சட்டிக்குள் நடக்கும் வேதியியல் இரு நாட்டுக்கும் ஒன்றே. ஆனால் நம் மீனுக்கும் அவர்கள் மீனுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஆழ்வார்திருநகரியிலிருந்து குடும்பத்தோடு தூத்துக்குடிக்குச் சென்றிருந்தோம். கடலோரக் கடை ஒன்றில் சூரை மீன் பொரித்துத் தந்தார்கள். நால்வரும் ஒரே தட்டில் தின்றோம். அரைமணி நேரத்தில் என் தங்கையின் முகமும் கழுத்தும் சிவந்து தடித்தன. தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு. மருத்துவர் ஊசி போட்டார். மறுநாள் காலையில் சரியாகிவிட்டது. அம்மாவுக்கும் அன்று முகம் காந்தியது, தலை வலித்தது. அதை அவர்கள் வெயில் என்று விட்டுவிட்டார்கள். "இவளுக்கு மீன் ஆகாது" என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. அன்றுமுதல் நாங்கள் மீன்குழம்பு ஊற்றிக்கொள்ளும்போது தங்கை ரசம் ஊற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஏதும் சொல்லியிருக்கா?" என்று அப்பா கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

சட்டிக்குள் நடப்பது

மீன் பொரிக்கும் எண்ணெய் ஏறத்தாழ 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். மீன் உள்ளே விழுந்ததும் சலசலவென்று எழும் குமிழ்கள் எண்ணெயின் குமிழ்கள் அல்ல. மீனிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதே அது. ஆவி வெளிநோக்கித் தள்ளும்வரை எண்ணெய் அதிகம் உள்ளே புகாது. ஈரம் இருக்கும்வரை உட்சதையின் சூடும் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே உள்ளே வேகிறது, வெளியே பொரிகிறது.

மேற்புறம் காய்ந்ததும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மெயிலார்டின் பெயரால் இது மெயிலார்டு வினை எனப்படுகிறது. முன்கூட்டியே தடவும் உப்பு மேற்பரப்பின் நீரை வெளியே இழுக்கிறது. அந்த நீரை வடித்துவிட்டால் மொறுமொறுப்பு எளிதில் வரும்.

வாடையும் எலுமிச்சையும்

கடல் மீனின் உடலில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. அதற்கு வாடையில்லை. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. நாம் 'மீன் வாடை' என்பது பெரும்பாலும் இதைத்தான். தாமிரபரணியின் கெண்டையில் இந்த ஆக்சைடு மிகக் குறைவு. ஆற்று மீனிடம் நாம் உணர்வது வேறான ஒரு சேற்று வாடை.

அமீன் ஒரு காரம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ, வினிகரின் அசெட்டிக் அமிலமோ, புளியின் டார்டாரிக் அமிலமோ பட்டால் அது உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. எனவே எலுமிச்சை வாடையை நீக்குகிறது என்பது உண்மை. ஆனால் அதனால் மீன் புதியதாகிவிடாது. பழைய மீன் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியின் வாயை எலுமிச்சை அடைத்துவிடுகிறது.

சூடு அழிக்காத நஞ்சு

இனி என் தங்கையின் கதைக்கு வருவோம். சூரை, அயிலை, சீலா, சாளை ஆகிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் வெதுவெதுப்பான இடத்தில் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் ஒரு நொதியைச் சுரக்கின்றன. அந்நொதி ஹிஸ்டிடினிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கி ஹிஸ்டமினாக மாற்றுகிறது. நாம் கரிம வேதியியல் வகுப்பில் படிக்கும் கார்பாக்சில் நீக்க வினையேதான் இது. வகுப்பில் இதைக் கேட்ட அன்றுதான் அப்பாவின் கேள்வி எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

ஒவ்வாமையின்போது நம் உடலே சுரப்பதும் ஹிஸ்டமின்தான். அதனால்தான் இந்த நஞ்சின் அறிகுறிகளும் ஒவ்வாமையைப் போலவே இருக்கின்றன. சூரை, அயிலை இவற்றின் குடும்பப் பெயரைக்கொண்டு இதை ஸ்காம்பிராய்டு நஞ்சு என்பார்கள். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவு நியமம் ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்கிறது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கொதிக்கும் எண்ணெய் பாக்டீரியாவைக் கொல்லும்; அது ஏற்கெனவே செய்து வைத்துவிட்ட ஹிஸ்டமினை அழிக்காது. உப்பிடுவதும் உறையவைப்பதும்கூட அழிக்கா. அதற்குத் தனி வாடையும் இல்லை. ஒரே மீனின் ஒரு துண்டில் மிகுந்தும் மறு துண்டில் குறைந்தும் இருக்கும். ஒரே தட்டில் தின்ற எங்களுள் தங்கை துன்பப்பட, அம்மாவுக்குச் சிறிது காந்தலோடு போனது இதனால் ஆகலாம். 'பொரித்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற நம் நம்பிக்கை இங்கே தோற்றுப்போகிறது.

இங்கிலாந்தின் கடைகளில் பொரிப்பது பெரும்பாலும் காட், ஹேடக் என்னும் வெள்ளைச் சதை மீன்கள். அவற்றில் ஹிஸ்டிடின் குறைவு. அது குளிர் நாடும்கூட. முன்பு நான் சொன்ன வேறுபாடு இதுதான். நம் மீன் சுவையானது, நம் வெயிலோ கடுமையானது. ஆகவே நம் கவனமும் கூடுதலாக இருக்கவேண்டும்.

ஐஸின் வேலை

இதற்கு மருந்து ஒன்றே: பிடித்த நேரத்திலிருந்து சட்டியில் விழும் நேரம்வரை குளிர். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 24 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்கவேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோ கலோரி. கணக்குப்படி 300 கிராம் ஐஸ் போதும். ஆனால் காற்றும் வெயிலும் ஓயாது வெப்பத்தை உள்ளே செலுத்துவதால், நம் போன்ற வெப்பநாட்டில் மீனும் ஐஸும் சம எடை என்பதே பாதுகாப்பான வழக்கம்.

நாமோ 'ஐஸ் மீன்' என்றாலே முகம் சுளிக்கிறோம். ஐஸில்லாமல் இருந்தால் புதியது என்று எண்ணுகிறோம். வாங்குபவர் மனம் இப்படியிருந்தால் விற்பவர் என்ன செய்வார்? மசாலா தடவிய துண்டுகளைக் கண்ணுக்கு அழகாக வெளியே அடுக்கி வைக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் அவை மணிக்கணக்கில் கிடக்கின்றன. கண்ணின் தெளிவு, செவுளின் சிவப்பு, விரலால் அழுத்தினால் மீளும் சதை என்று புதிய மீனுக்கு நாம் அறிந்த அடையாளங்கள் எல்லாம் அந்த மசாலாவுக்குள் மறைந்துவிடுகின்றன. குற்றம் கடைக்காரருடையது மட்டுமன்று, பாதி நம்முடையது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்நாட்களில் நாட்டுப் படகுகள் கொண்டுவருவது போக, வெளியூர் மீனும் சேமித்த மீனுமே கடைக்கு வரும். கோடை விடுமுறையும் அப்போதுதான். அந்த நாட்களில் ஐஸின் தேவை இன்னும் அதிகம்.

நாம் செய்யக்கூடியது

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, நம் கண்முன் வெட்டி, மசாலா தடவிப் பொரித்துத் தரும் கடையைத் தேடுவோம். பத்து நிமிடம் காத்திருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. நாக்கில் காரமில்லாத ஒரு சுரீர் உணர்வு தட்டினால் அத்தோடு நிறுத்திவிடுவோம். உடம்பு சிவந்து தடித்தால், முக்கியமாக ஆஸ்துமாவோ இதயநோயோ உள்ளவர்கள், உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். உண்மையான மீன் ஒவ்வாமையும் உண்டு. எது எதுவென்று பிரித்துச் சொல்லவேண்டியவர் மருத்துவரே.

நாங்களும் அதைத்தான் செய்தோம். தங்கையை மீண்டும் அழைத்துச் சென்றபோது மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "அன்றைக்கு வேறு யாருக்காவது ஏதாவது செய்ததா?" என்பது. அம்மா அப்போதுதான் தம் தலைவலியைச் சொன்னார்கள். சோதித்துப் பார்த்து, மீன் சாப்பிடலாம் என்றார் மருத்துவர். சென்ற மாதம் புன்னைக்காயலிலிருந்து வந்த சீலா மீனை அம்மா வீட்டில் பொரித்தார்கள். தங்கை மூன்று துண்டு தின்றாள், ஒன்றும் செய்யவில்லை. அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இப்போது மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஐஸ் போட்டிருக்கியாம்மா?" என்பதுதான்.