வாபஸ் வேண்டாம், ராஜி டிகிரி வாங்குங்கள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் பாகப்பிரிவினை வழக்கு சேலம் கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே பங்காளிகள் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம். தாராளமாகச் செய்யுங்கள். அமெரிக்காவில் 1990-ல் ஸ்டூவர்ட் வெப் என்ற வக்கீல் இப்படிப் பேசித் தீர்ப்பதற்கு ஒரு முறையே வகுத்தார். அதில் பேச்சு முறிந்தால் இருதரப்பு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். நம்மிடம் அதற்குத் தனிச் சட்டம் இல்லை. சமரச மையம், லோக் அதாலத், வக்கீல்களை வைத்து நேரடிப் பேச்சு ஆகிய மூன்றும் உண்டு.

பேச்சு தொடங்கியதாலேயே வழக்கு நிற்காது. வாய்தாதோறும் வக்கீல் ஆஜராகி அவகாசம் கேட்க வேண்டும். வாதி தரப்பு போகாவிட்டால் தள்ளுபடி, பிரதிவாதி தரப்பு போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். “அதான் பேசியாச்சில்லண்ணே, கேஸை வாபஸ் வாங்கிடுங்க” என்பார் தம்பி. வாங்காதீர்கள். வாபஸோடு, வழக்கில் தடையுத்தரவு வாங்கியிருந்தால் அதுவும் போய்விடும். நாளைக்கு அவர் பேச்சு மாறினால் நிறைவேற்று மனு போடக் கையில் டிகிரி இருக்காது. கோர்ட் அனுமதியில்லாமல் வாபஸ் வாங்கியவர் அதே கோரிக்கைக்குப் புது வழக்குப் போடுவதை உரிமையியல் நடைமுறைச் சட்டம் தடுக்கிறது. பாகப்பிரிவினைக்கு அது பொருந்தாது என்று வாதாடலாம், ஆனால் அதற்கே சில வருடம் ஓடிவிடும்.

எனவே அதே சட்டத்தின் ஆணை 23, விதி 3-ன் கீழ் டிகிரி கேட்டு ராஜி மனு எழுதுங்கள். கட்டிக்கொடுத்த அக்கா தங்கை உட்பட வழக்கில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மைனர் பங்கு இருந்தால் முதலில் கோர்ட் அனுமதி. “மேல்காடு அண்ணனுக்கு, கீழ்க்காடு தம்பிக்கு” என்று எழுதினால் பின்னால் சண்டைதான். சர்வே எண், நான்கெல்லை, அளந்த வரைபடம் மூன்றும் வேண்டும். மலைத் தோட்டத்தில் இன்னும் சில உண்டு. கீழ்க்காட்டுக்கு ஜீப் போகும் தடம் யார் நிலத்தில்? ஊற்றுத் தண்ணீர் யாருக்கு எப்போது? எல்லையில் நிற்கும் சில்வர் ஓக் ஒருவருடையது என்றால் அதில் ஏறிய மிளகுக்கொடி யாருடையது? செடியில் நிற்கும் இந்த வருடப் பழத்தைப் பறிப்பது யார்? இவற்றை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அறுவடை நேரத்தில் மறுபடி வக்கீல் வீட்டுக்குத்தான் நடக்க வேண்டும்.

வழக்குச் சொத்து விவரத்தில் இல்லாத நிலத்தையும் ராஜியில் சேர்த்தால் டிகிரியைப் பதிவு செய்ய வேண்டிவரும். முன்கூட்டியே பிராதைத் திருத்தி அதையும் விவரத்தில் ஏற்றிவிடுங்கள். முதல்நிலை டிகிரியோடு நிற்காமல் இறுதி டிகிரியே கேளுங்கள். அதை முத்திரைத் தாளில் வாங்கி, சான்றிட்ட நகலோடு தாலுகா அலுவலகத்தில் உட்பிரிவுக்கும் பட்டா மாற்றத்துக்கும் மனு கொடுங்கள்.

கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். சமரச மையத்துக்குப் போகாமல் தாங்களே பேசி முடித்தவர்களுக்கும் தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு பொருந்தும் என்று எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. கோர்ட் அலுவலகத்தில் மறுத்தால் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.