வளர்ப்பு மகனின் துயரம்: ஆபுத்திரன் வரலாறு

முன்னுரை

பெற்ற தாயை இழந்து பிறர் கையில் வளர்ந்தோரின் துயரம் இக்கால இலக்கியத்திற்கே உரியது எனக் கருதுவோர் உளர். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை அக்கருத்தை மறுக்கின்றது. 1992ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்திற்கும் விரிந்தது. ஆதலின் கம்பைநல்லூர்ப் பகுதியில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று.

அயலார் வாய்ச்சொல்

குமரியாட வந்த சாலி, தான் ஈன்ற மகவைத் தோட்டத்தில் விட்டு நீங்கினாள். ஏழு நாள் ஓர் ஆ பாலூட்டிக் காத்தது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் அவனைத் தன் மகனாக ஏற்றுக் கல்வி அளித்தான். வேள்விப் பசுவை ஆபுத்திரன் மீட்டபோது, சினந்த அந்தணர் அவன் பிறப்பை இகழ்ந்தனர். வளர்த்த தந்தையும் கைவிட்டான். மதுரை சேர்ந்த ஆபுத்திரன் தான் இரந்து பெற்ற உணவை ஆதரவற்றோர்க்கு ஊட்டி, எஞ்சியதை உண்டான். தாய்ப்பால் அறியாதவன் பிறர் பசிக்குத் தாயானான்.

அன்னை வாய்ச்சொல்

மறுபிறப்பிலும் அவன் வளர்ப்பு மகனே. சாவக நாட்டு மன்னன் பூமிசந்திரன் அவனை எடுத்து வளர்த்தான். அரசனான பின், மணிமேகலை கூறக் கேட்ட தன் பிறப்பின் உண்மையை, வளர்த்த தாய் அமரசுந்தரி வாயிலாகத் தெளிந்தான். முற்பிறப்பில் ஈன்றவள் செய்ததை எண்ணி ஆழ்ந்த துயருற்றான். நாடும் அன்பும் நிறைந்திருந்தும் அத்துயர் எழுந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

துயரம் நன்றிக்கேடன்று

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறு வயதில் அன்னை ஆமினாவை அப்வாவில் இழந்தார்கள். பாட்டனாரும் பின்னர் அபூதாலிபும் அன்புடன் வளர்த்தனர். ஆயினும் பிற்காலத்தில் அன்னையின் அடக்கத்தலத்தில் நின்று அழுது, உடனிருந்தோரையும் அழச்செய்தார்கள் என ஸஹீஹ் முஸ்லிம் உரைக்கின்றது. பெற்றவளுக்காகச் சிந்தும் கண்ணீர் வளர்த்தோரின் அன்பைக் குறைப்பதில்லை. உளவியலறிஞர் ஜான் பௌல்பியும், இளங்குழந்தைகள் தாயின் பிரிவிற்காகத் துக்கம் காப்பர் என்றே கொண்டார்.

முடிவுரை

வளர்ப்பு மக்களை அவர்தம் தந்தையர் பெயரால் அழைக்குமாறு திருக்குர்ஆன் (33:5) பணிக்கின்றது. வேரை மறைத்தல் அறமன்று என்பது இதனால் பெறப்படும். பிறப்பின் உண்மை அந்தணர் வாயில் வசையாயிற்று. அமரசுந்தரி வாயில் அன்பாயிற்று. ஊரார் வாய் திறக்குமுன் வளர்த்தோரே கனிவுடன் கூறுதல் வேண்டும். கேட்ட பிள்ளை அழுதால், அதனைத் தடுக்காது உடனிருத்தல் வேண்டும். இதுவே ஆபுத்திரன் வரலாற்றால் நாம் கொள்ளத்தக்க பாடமாகும்.