மலையேறும் வண்டியின் புகைக் கூட்டுக்குழாய்

கம்பத்துத் திராட்சையும் சின்னமனூர் வாழையும் சந்தைக்குச் செல்வதும், ஆண்டிபட்டி வட்டாரத்தில் சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் நெய்த சேலைக் கட்டுகள் மதுரைக்குச் செல்வதும் இந்நாளில் பெரும்பாலும் பிக்கப் எனப்படும் சிறு பாரவண்டிகளாலேயே. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய வழிகளில் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வன ஜீப்புகள். இவ்வண்டிகளுள் நெடுங்காலம் உழைத்துத் தேய்ந்தவையும் உண்டு. இவற்றின் உரிமையாளர் பலரிடம் ஓர் ஆசை காணப்படுகிறது. யந்திரத்தின் பக்கத்திலுள்ள வார்ப்பிரும்பு மேனிபோல்டைக் கழற்றிவிட்டு, வளைகுழாய்களால் ஆன 'ஹெடர்' ஒன்றைப் பொருத்தினால் வண்டி மலையில் துள்ளி ஏறும் என்பது அது. இதற்குப் பொருள் செலவிடுமுன் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

மேனிபோல்டு என்பதைப் புகைக் கூட்டுக்குழாய் எனலாம். நான்கு சிலிண்டர்களிலிருந்தும் வெளிவரும் எரிந்த புகையை ஒன்றுசேர்த்துச் சைலன்ஸருக்குச் செல்லும் ஒரே குழாயில் விடுவது அதன் தொழில். நான்கு வயல்களின் வடிகால் ஒரே வாய்க்காலில் விழுவதை ஒத்தது இது. ஒரு வயலின் நீர் வேகமாகப் பாயும்போது அடுத்த வயலின் மடையும் திறந்திருந்தால் நீர் எதிரேறும் அல்லவா? யந்திரத்திலும் அவ்வாறே நிகழ்கிறது. நான்கு சிலிண்டர் யந்திரம் வழக்கமாக 1, 3, 4, 2 என்னும் வரிசையில் வெடிக்கும். ஒன்றின் புகைவால்வு மூடுவதற்குள் அடுத்ததன் வால்வு திறந்துவிடுகிறது. குட்டையான வார்ப்புக் குழாயில் இவ்விரண்டின் புகையும் மோதிக்கொள்ளும். ஹெடர் செய்வோர் ஒன்றையும் நான்கையும் ஒரு குழாயிலும், இரண்டையும் மூன்றையும் மற்றொன்றிலும் சேர்த்துப் பின்னர் இரண்டையும் இணைப்பர். ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வெடிப்பவையாதலால் இவை ஒன்றையொன்று தடுப்பதில்லை. கருத்து சரியானதே.

ஆயின் நம் மலைப்பாதைக்கு அது எவ்வளவு பயன்படும்? புகை வெளிவரும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடி, அதன் முனையில் திரும்பி, உறிஞ்சும் அலையாக வால்வை வந்தடைகிறது. அது தக்க தருணத்தில் வந்தால் சிலிண்டரில் எஞ்சிய புகையையும் இழுத்துவிடும். சூடான புகையில் அலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். யந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலுமானால் அரைச் சுற்றுக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் 5 பங்கு நேரமே ஆகும். அதற்குள் அலை போய்வரச் சுமார் ஒன்றேகால் மீட்டர்க் குழாய் போதும். பந்தயக் கார்களில் ஹெடர் சிறப்பது இதனாலேயே. நம் டீசல் வண்டியோ பாரத்தோடு மலையேறும்போது 2,000 சுற்றையொட்டியே உழைக்கிறது. அரைச் சுற்றுக்கு மும்மடங்கு நேரம். குழாயும் மும்மடங்கு, அதாவது ஏறத்தாழ நான்கு மீட்டர் வேண்டும். ஏறக்குறைய வண்டியின் நீளமே அது! முன்மூடிக்குள் அடங்கும் குட்டைக் குழாய்கள் அந்த வேகத்தில் இவ்வித்தையைச் செய்யமாட்டா. பியூஜோ உரிமத்தின் பேரில் மகிந்திரா செய்த 2,112 கன சென்டிமீட்டர் டீசல் யந்திரத்துக்கும், பின்னர் வந்த 2,523 கன சென்டிமீட்டர் எம்.டி.ஐ. யந்திரத்துக்கும் இது பொருந்தும். டர்போ பொருத்திய வண்டியில் வார்ப்பிரும்பை விடுத்தல் பின்னும் தகாது. புகையின் சூட்டையும் வேகத்தையும் டர்போவரை காத்துக் கொடுப்பதற்குக் குட்டையான கனத்த வார்ப்பே ஏற்றது. டர்போவின் எடையைத் தாங்குவதும் அதுவே. ஹெடர் போட்டபின் ஓசை பெருகுவதைக் கேட்டுப் பலம் பெருகிற்று என்று மகிழ்வோர் உளர். ஓசை வேறு, இழுவை வேறு.

பழைய வண்டிகளில் உண்மையான குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. மேனிபோல்டு வெடித்திருக்கும், அல்லது ஸ்டட் ஒடிந்து கேஸ்கட் ஊதியிருக்கும், அல்லது சைலன்ஸர் கரியடைத்து மூச்சுத் திணறும்.

மேனிபோல்டு ஏன் வெடிக்கிறது என்பதை நன்கு கவனித்தல் வேண்டும். வார்ப்பிரும்பு ஒரு பாகை சென்டிகிரேடு சூட்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு நீளும். அரை மீட்டர் நீளமுள்ள மேனிபோல்டு 400 பாகை சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. அது பொருந்தியிருக்கும் ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்து, அவ்வளவு நீள்வதில்லை. ஆகவே ஓரத்து ஸ்டட்டுகள் இழுபட்டு ஒடிகின்றன. அவை ஒடியாவிடில் வார்ப்பு வெடிக்கிறது.

நம் மலைகள் இதனை மிகுவிக்கின்றன. போடியிலிருந்து 17 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும்போது ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். காற்று பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிகிறது. டர்போ இல்லாத யந்திரத்தில் பம்பு அதே டீசலைக் கொடுக்க, காற்றுப் போதாமல் கரும்புகை எழும். புகையின் சூடும் ஏறும். உச்சியைத் தாண்டி இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் பம்பு டீசலை நிறுத்திவிடும். இப்பொழுது எரியாத காற்றே மேனிபோல்டு வழியே பாய்ந்து அதைத் திடீரெனக் குளிர்விக்கிறது. நீள்வதும் சுருங்குவதுமான இவ்வேலை நாள்தோறும் நடக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்துக் கரும்புகை கக்கவிடாமல், ஒரு கியர் குறைத்து ஏறுவதே மேனிபோல்டுக்கு நாம் செய்யக்கூடிய செலவில்லாத வைத்தியம்.

கசிவை அசட்டை செய்வோர் பொருளை மட்டும் பணயம் வைப்பதில்லை. மேனிபோல்டு ஓட்டுநர் அறைக்கு முன்னே இருப்பதால் கசியும் புகை பலகை இடுக்குகளின் வழியே உள்ளே வருகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றுவது. பெட்ரோல் ஜீப்புகளில் இவ்வாயு மிகுதி. டீசலில் குறைவாயினும், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012இல் வகைப்படுத்தியது. விடியற்காலைக் குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நெருங்கி அமர்ந்து தோட்டத்துக்குச் செல்லும் பெண்கள், இறங்கும்போது தலைவலியும் குமட்டலுமாக இருப்பார்களாயின், மலை வளைவின் மயக்கம் என்று தள்ளிவிடாமல் மேனிபோல்டைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எளிது. காலையில் யந்திரம் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால் 'டிக் டிக்' என்ற ஓசை கேட்டு, சூடேறியபின் அது குறையுமானால் கசிவு உண்டென அறியலாம். இணைப்பில் கரி படிந்திருப்பது மற்றோர் அடையாளம். கிளப்பிய உடனே, சூடேறுமுன், இணைப்பின்மீது சோப்புநீர் தடவினால் கசியுமிடத்தில் குமிழி எழும். இதற்கு நெருப்புக் காட்டிச் சோதிப்பது கூடவே கூடாது.

கழற்றும்போது அவசரம் ஆகாது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பிறகு சிறிது முடுக்கியும் சிறிது தளர்த்தியும் எடுப்பதே முறை. பலவந்தம் செய்தால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்து, ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும். பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கக்கூடுமாதலால் உலர்ந்த நிலையில் சுரண்டித் தூள் பறக்கவிடாமல், நனைத்துச் சுரண்டுக. மேனிபோல்டின் முகத்தில் நேரான எஃகுச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் முகம் சீவிக்கொள்ளுதல் அவசியம். புதிய கேஸ்கட் எத்துணை உயர்ந்ததாயினும் கோணலான முகத்தில் நில்லாது.

வெடித்த வார்ப்பைச் சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டுவது வீண். முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் ராடால் பற்றவைத்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்லக் குளிரவிடும் பொறுமையுள்ள தொழிலாளி கிடைத்தால் செய்யலாம். இல்லையேல் புதிய வார்ப்பு வாங்குவதே சிக்கனம்.

இவ்வளவும் அறிந்தபின்னும் குழாய் மேனிபோல்டே வேண்டுமென்பார், பத்து மில்லிமீட்டருக்குக் குறையாத தட்டும் கனத்த சுவருடைய குழாயும் உள்ளதா எனப் பார்க்கட்டும். எவர்சில்வர் வகைக் குழாய் வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்கு நீளும்; ஆதலால் ஓரத் துளைகள் நீள்வட்டமாக இருக்க வேண்டும். டீசல் ஹோஸுக்கும் மின்கம்பிகளுக்கும் அருகே வெப்பத் தடுப்புத் தகடு இன்றியமையாதது. மாற்றியபின் புகைச் சான்றிதழ் சோதனையில் வண்டி தேறவேண்டும் என்பதையும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் முன்னரே எண்ணிப்பார்க்க வேண்டும்.

எதைப் பொருத்தினாலும் சைலன்ஸர்க் குழாயின் பாரம் மேனிபோல்டில் தொங்கலாகாது. கியர்ப் பெட்டியருகே ஒரு தாங்கி அடித்து அதில் நிறுத்துக. நட்டுகளை நடுவிலிருந்து இருபுறமுமாக, ஒரே மூச்சில் அன்றி இரண்டு மூன்று சுற்றில், தயாரிப்பாளர் நூலில் கண்ட அளவுக்கு முடுக்குக. முதல் மலைப் பயணம் முடிந்து யந்திரம் நன்கு குளிர்ந்தபின் அதே வரிசையில் மீண்டும் ஒருமுறை முடுக்கிவிடுக.