தூண்டில் பிடிக்கத் தெம்பா வேணும்?



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'விளையாட்டில் பெண்கள்' என்று தமிழம்மா தலைப்பு அறிவித்த அன்றைக்கே பி.டி. உஷா, கர்ணம் மல்லேஸ்வரி, மேரி கோம் என்று ஆளுக்கொருத்தராகப் பங்கு போட்டு எடுத்துக்கிட்டாங்க. கடைசியில் வந்த எனக்கு யாரும் மிஞ்சவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்! யாரும் தொடாத ஒரு விளையாட்டைத் தேடிப் பிடித்தேன். மீன்பிடி விளையாட்டு.

சிரிக்காதீங்க. தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்கு மீன் என்ன புதுசா? பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி போட்டால் கூட்டமாக வந்து காலைச் சுற்றும் மீன்களைப் பார்க்காதவர் நம் வகுப்பில் கிடையாது. (அதை யாரும் பிடிக்க மாட்டாங்க, சாமி மீன்.) கோடையில் குளம் வற்றும்போது சேற்றில் இறங்கி, கையாலேயே விராலையும் கெளுத்தியையும் அள்ளுகிற ஆச்சிமாரையும் பார்த்திருக்கிறோம். ஆனால் தூண்டில் போடுகிற பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? பாலத்துக்குக் கீழே, அணைக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் ஆண்கள்தான். ஒருமுறை என் அண்ணனிடம் தூண்டிலைக் கேட்டேன். "ஏட்டி, மீன் இழுத்தா நீ ஆத்துக்குள்ள போயிருவ. அதுக்குத் தெம்பு வேணும்லா!" என்றான். அன்றைக்கு அவன் பிடித்தது விரல் நீளத்தில் ஒரு கெண்டை!

தெம்புதான் வேணுமா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தூண்டில்களிலேயே மிகவும் கஷ்டமானது என்று பேர் வாங்கியது ஃப்ளை ஃபிஷிங். இங்கே அதை 'இறகுத் தூண்டில்' என்று எழுதுகிறேன். நம்ம ஊர்த் தூண்டிலில் முள், தக்கை, ஈயக்குண்டு இருக்கும். முள்ளில் மண்புழுவோ மாவு உருண்டையோ குத்தி வீசுவோம். ஈயக்குண்டின் கனம்தான் நரம்பைத் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இறகுத் தூண்டிலில் புழு கிடையாது. சின்ன முள்ளின் மேல் இறகும் நூலும் முடியும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ கட்டியிருப்பார்கள். அதற்கு எடையே இல்லை. ஊதினால் பறந்துவிடும். அப்படியானால் அதை எப்படி 15 மீட்டர் தூரத்துக்கு வீசுவது?

இங்கேதான் அறிவியல் வருகிறது. கனம் முள்ளில் இல்லாததால் அதைக் கயிற்றில் வைத்துவிட்டார்கள். தடிமனான ஒரு கயிறு, அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு, அதன் நுனியில் இறகுப்பூச்சி. சுமார் 9 அடி நீளக் கம்பைப் பின்னால் வீசி, சட்டென்று நிறுத்த வேண்டும். கயிறு தலைக்கு மேலே வளைந்து, பின்னால் போய் நேராக நீளும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும். நீண்ட பிறகு முன்னால் வீசி மறுபடி சட்டென்று நிறுத்தினால், கயிறு சுருள் பிரிந்து போய், பூச்சி தானாக இறங்கின மாதிரி தண்ணீரில் மெல்ல இறங்கும்.

ஊஞ்சல் தள்ளியிருக்கிறீர்கள்தானே? ஊஞ்சல் முழுசாகப் பின்னால் வருமுன் தள்ளினால் கைதான் வலிக்கும். முழுசாக வந்தபின் லேசாகத் தொட்டால் போதும், உயரப் போகும். இதுவும் அதே கணக்குதான். பலமாக வீசுகிறவர்கள் அவசரப்படுவார்கள். கயிறு சாட்டை மாதிரி சொடுக்கி, நுனியில் இருக்கும் பூச்சி அறுந்துபோகும். அண்ணன் சொன்ன தெம்பு இங்கே இடைஞ்சல்.

இதை உலகத்துக்கே காட்டியவர் ஜோன் வுல்ஃப் என்ற அமெரிக்கப் பெண். 1926-ல் நியூஜெர்சியில் பிறந்தவர். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு படகில் போவாராம். அப்பா தூண்டில் வீசுவார், அம்மா துடுப்புப் போடுவார். படகு சரியாக நிற்கவில்லை என்று திட்டு வாங்குவதும் அம்மாதான்! துடுப்புப் பக்கம் இருப்பதைவிடத் தூண்டில் பக்கம் இருப்பதே மேல் என்று அந்தக் குழந்தை அன்றைக்கே முடிவு செய்துவிட்டது. பத்து வயதில் அப்பா இல்லாத நேரம் அவர் கம்பை எடுத்து வீசிப் பார்த்ததில், கம்பின் நுனித் துண்டு கழன்று குளத்தில் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாரிக் கட்டையால் துழாவி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடி விழுந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அப்பா அதன்பிறகு அவளையும் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1951-ல் தூரம் வீசும் ஒரு போட்டியில் எதிரே நின்ற அத்தனை பேரும் ஆண்கள். முதலிடம் ஜோனுக்கு! 1960-ல் 161 அடி தூரம் வீசினார். கிட்டத்தட்ட 49 மீட்டர். நம் வாலிபால் மைதானத்தின் நீளம் 18 மீட்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1979-ல் கணவரோடு சேர்ந்து நியூயார்க் மாநிலத்தில் இதற்கென்றே பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்னொரு விஷயம், அவர் நடனம் கற்றுக்கொடுத்தவர். உடம்பை எப்போது அசைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

"வீசுறது சரி, பெரிய மீன் இழுத்தா என்ன செய்வா?" என்று பின் பெஞ்சில் யாராவது கேட்பீர்கள். ஸ்காட்லாந்துக்கு வாங்க. 1922 அக்டோபர் 7, மாலை நேரம். டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் படகில் இருக்கிறார். முதல் உலகப்போரில் நர்ஸாக வேலை பார்த்தவர். இந்தப் படகில் துடுப்புப் போடுவது அப்பா! ஒரு சால்மன் மீன் மாட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுபறி. இருட்டியபிறகுதான் படகுக்குள் வந்தது. எடை 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் அதுதான் இன்று வரைக்கும் பெரியது. மீனை பெர்த் நகர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள், நோயாளிகள் சாப்பிட்டார்கள். அதன் மாதிரி உருவத்தைச் செய்து ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தபோது, கூட்டத்தில் நின்ற இரண்டு பெரியவர்கள், ஒரு பெண் இந்த மீனைப் பிடித்தாள் என்பது பச்சைப் பொய் என்று பேசிக்கொண்டார்களாம். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஜார்ஜினாவேதான்!

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் பயன்படுத்தியது மீன் இரை, இறகுப்பூச்சி இல்லை. இறகுத் தூண்டிலில் பிரிட்டனின் பெரிய சால்மன் 1924-ல் டெவரன் ஆற்றில் பிடிபட்டது. எடை 61 பவுண்டு. பிடித்தவர் கிளெமென்டினா மோரிசன். அவரும் பெண்தான்!

மீன் பிடித்தவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் பூச்சி கட்டியவர்களை மறந்துவிடுவோம். பத்தமடையில் கோரையைப் பிளந்து பட்டு மாதிரிப் பாய் நெய்கிற பெண்களின் விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதே விரல் வேலைதான் இது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேரி ஆர்விஸ் மார்பரி என்பவர் பூச்சி கட்டும் பெண்களின் பட்டறையை நடத்தினார். ஒரே பூச்சியை ஊருக்கு ஒரு பெயரில் கூப்பிட்டுக் குழம்பிக் கிடந்த காலம். அவர் நாடு முழுவதும் மீன் பிடிப்பவர்களிடம் கடிதம் வாங்கி, படங்களோடு 1892-ல் ஒரு பெரிய புத்தகமாகத் தொகுத்தார். பெயர்கள் ஒழுங்குக்கு வந்தன. ஸ்காட்லாந்தில் மேகன் பாய்ட் என்று ஒருத்தர். அவர் கட்டிய பூச்சிகளை இளவரசர் சார்லஸே வாங்கினார். 1971-ல் அரசு பதக்கம் அறிவித்தபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, விழாவுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்! மீனைக் கொல்ல மனமில்லாமல் தூண்டிலே போடாமல் இருந்தவர் அவர். எனக்கு இந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்தவர் இவர்தான்.

தூண்டில் பற்றிய முதல் ஆங்கில நூலை 1496-ல் அச்சிட்டார்கள். அதை எழுதியது ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். ஆதாரம் கிடையாது. நம்பலாமா என்று வரலாறு சார் சொல்லட்டும்.

சரி, நம்ம பக்கம்? நீலகிரியில் இருக்கிற டிரவுட் மீன் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. 1907-ல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் அதற்கு மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தார். ஆனால் அவர்கள் ஆசைப்பட்ட பெரிய மீன் நம் மண்ணிலேயே இருந்தது. அதுதான் மாசீர். நம்ம கெண்டைக்குச் சொந்தக்கார மீன், செதில் ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருக்கும். சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-லேயே இந்தியத் தூண்டில் பற்றிப் புத்தகம் எழுதி அதைப் புகழ்ந்தார். காவிரியின் கிளையான கபினியில் 1946-ல் 120 பவுண்டு மாசீர் ஒன்று பிடிபட்டது. 54 கிலோ! நம் வகுப்பில் பலபேர் அந்த எடை கிடையாது. முதுகில் திமில் மாதிரி உயர்ந்திருக்கும் இந்தக் காவிரி மாசீரை நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். ஆனால் அது எந்த இனம், சரியான அறிவியல் பெயர் என்ன என்பது முடிவாகவில்லை. 2018-ல்தான், அமராவதியில் சேரும் பாம்பாற்றில் முன்பே கண்டறிந்த 'டார் ரமாதேவி' என்ற இனம்தான் இது என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள்.

யார் அந்த ரமாதேவி? சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் மீன்களை ஆராய்ந்த விஞ்ஞானி முனைவர் கே. ரமாதேவி. ஆண்கள் கோப்பையாக மாட்டிவைத்த மீனுக்குக் கடைசியில் ஒரு பெண் விஞ்ஞானியின் பெயர்! படித்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் அதே 2018-ல் அந்த மீன் மிக அருகிவிட்ட இனமாகவும் பட்டியலில் ஏறிவிட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி போட்டு மீன் பிடித்தல், போதாததற்கு வேறு ஊர் மாசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டது. நம் களக்காடு - முண்டந்துறைக் காட்டு ஆறுகளிலும் மாசீர் இனம் உண்டு. அங்கே தூண்டிலோடு போய்விடாதீர்கள், அது புலிகள் காப்பகம்.

வீசிப் பழக ஆறும் வேண்டாம், முள்ளும் வேண்டாம், மீனும் வேண்டாம். ஒரு மீட்டர் நீளத்தில் வளைகிற மெல்லிய கம்பு. அதன் நுனியில் தடித்த கம்பளி நூல் மூன்று மீட்டர். வெளிநாட்டில் இப்படித்தான் அறைக்குள்ளேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். பின்னால் வீசு, நிறுத்து, நூல் நீளும்வரை பொறு, முன்னால் வீசு, நிறுத்து. பத்தடி தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து நூல் நுனி அதில் விழுகிறதா என்று பாருங்கள். நான் வீட்டு முற்றத்தில் செய்து பார்த்தேன், பத்துக்கு நான்கு விழுந்தது. அண்ணனுக்கு ஒன்று.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் விளையாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வாங்க. பி.டி. டீச்சரிடம் அனுமதி கேட்டாச்சு. கம்பளி நூல் என்னிடம் ஒரு உருண்டை இருக்கிறது. கம்பு மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டுவரணும்.

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி